ஷெட்டில் நிற்கும் காருக்கும் பேப்பர் முக்கியம்

பழைய கார், பழைய ஜீப் பற்றி வந்த கடிதங்களை இந்த முறை மொத்தமாக எடுத்துக்கொண்டேன். எஞ்சின் சந்தேகத்தைவிட ஆர்.டி.ஓ. ஆபீஸ் சந்தேகம்தான் அதிகமாக இருக்கிறது, அதனால் பதில்களிலும் படிவமும் ஸ்பேனரும் கலந்தே வரும்.

கேள்வி: சார், அப்பாவின் 1971 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு, நாலு கதவு வண்டி, இருபது வருடத்துக்கு மேலாக கார் ஷெட்டில் நிற்கிறது. அப்பா போன வருடம் தவறிவிட்டார். ஆர்.சி. புக்கை கரையான் அரித்து பாதிதான் மிச்சம். கடைசியாக எப்போது பதிவைப் புதுப்பித்தார் என்று வீட்டில் யாருக்கும் ஞாபகம் இல்லை. வண்டியை மறுபடி ஓட வைக்க ஆசை. முதலில் மெக்கானிக்கைக் கூப்பிடுவதா, ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போவதா?
வாசகர், காரைக்குடி

பதில்: முதலில் பேப்பர், சந்தேகமே வேண்டாம். லட்சக்கணக்கில் செலவழித்து பெயிண்ட் அடித்து பளபளவென்று நிறுத்திய பிறகு, வண்டி இன்னும் அப்பா பெயரில், பதிவு காலாவதி ஆன நிலையில் இருந்தால் தெருமுனை வரைகூட எடுத்துப் போக முடியாது.

கரையான் அரித்த ஆர்.சி. புக்கைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பதிவு எண், சேசிஸ் எண், எஞ்சின் எண் இந்த மூன்றில் எது படிக்க முடிந்தாலும் அது பொன். பழைய இன்ஷூரன்ஸ் பாலிசி, வரி கட்டிய ரசீது, பின்னணியில் நம்பர் பிளேட் தெரிகிற கல்யாண போட்டோ, எது கிடைத்தாலும் ஒரு ஃபைலில் போடுங்கள். அப்புறம் மத்திய அரசின் வாகன விவர இணையதளமான பரிவாகனில் எண்ணைப் போட்டுப் பாருங்கள். எம்.எஸ். என்று தொடங்கும் அந்தக் காலத்து எண்கள் பல கம்ப்யூட்டரில் ஏறாமல் பழைய ரிஜிஸ்டரிலேயே இருக்கின்றன. அப்படியானால் முதலில் வண்டியைப் பதிவு செய்த அலுவலகத்தில் ரிஜிஸ்டரைப் பார்த்து 'பேக்லாக் என்ட்ரி', அதாவது பழைய பதிவைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலையைச் செய்யச் சொல்லி எழுத்தில் மனு கொடுக்க வேண்டும். இந்த ஒரு வேலைதான் இழுக்கும், பொறுமையாக இருங்கள். அது முடிந்தால் நகல் ஆர்.சி.க்கு படிவம் 26.

அடுத்தது பெயர் மாற்றம். உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் தகவல் சொல்ல வேண்டும், மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுக்க வேண்டும் என்பது விதி. உங்களுக்கு அந்தக் கெடு தாண்டிவிட்டது, பரவாயில்லை, தாமதத்துக்கு உண்டானதைக் கட்டிக்கொண்டு போகலாம். தாசில்தார் தரும் வாரிசு சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் இரண்டும் கையில் இருக்கட்டும். அக்கா தங்கை, அண்ணன் தம்பி எல்லோரும் இன்று சுமுகமாக இருக்கும்போதே கையெழுத்து வாங்கிவிடுங்கள், கார் ரெடியாகி அதற்கு ஒரு விலை வந்த பிறகு அதே கையெழுத்து அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது.

கடைசியாகத்தான் புதுப்பித்தல், படிவம் 25. சொந்த உபயோக வண்டிக்கு முதல் பதிவு 15 வருடம், அதன் பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 20 வருடம் தாண்டிய காருக்கு இதற்கான கட்டணம் 2025 ஆகஸ்டிலிருந்து 10,000 ரூபாய், அதற்கு முன் 5,000-ஆக இருந்தது. தாமதமானால் காருக்கு மாதம் 500 ரூபாய் வீதம் ஏறும், பசுமை வரி தனி. பணம் கட்டும் முன் மொத்தக் கணக்கையும் எழுதி வாங்கிப் பாருங்கள்.

இந்த இடத்தில் என் மனதில் இருப்பதைச் சொல்லியே ஆக வேண்டும். ஷெட்டை விட்டு ஒரு அடி நகராத வண்டிக்கு, ரோட்டையும் தேய்க்காமல் புகையும் விடாமல் நின்ற வண்டிக்கு, தாமதக் கட்டணம் மாதாமாதம் ஏறுவது நியாயம் இல்லை. 'என் கார் ஓடவில்லை, வீட்டில்தான் நிற்கிறது' என்று எழுதிக் கொடுக்க ஒரு எளிய படிவம் இருந்தால் போதும், எத்தனையோ பழைய கார்கள் காயலான் கடைக்குப் போகாமல் பிழைக்கும். பிரிட்டனில் இருக்கிறது, கீழே லண்டன் வாசகிக்கான பதிலில் விவரம் பாருங்கள்.

மோட்டார் வாகன ஆய்வாளர், அதாவது நம் ஊர் பேச்சில் பிரேக் இன்ஸ்பெக்டர், வண்டியை நேரில் பார்த்துத்தான் புதுப்பிப்பார். அதனால் பேப்பர் நகர்ந்துகொண்டிருக்கும் மாதங்களில் மெக்கானிக் வேலையை நடத்தலாம். ஆபீஸுக்கு ஓட்டிக்கொண்டு மட்டும் போகாதீர்கள், ரெக்கவரி வண்டியில் ஏற்றிப் போங்கள். பதிவு இல்லாமல் ரோட்டில் ஓட்டினால் முதல் தடவையே 5,000 ரூபாய் வரை அபராதம், இன்ஷூரன்ஸ் இல்லாததற்கு 2,000 ரூபாய் தனி.

இனி வண்டி. சாவியைப் போட்டு ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு இரண்டு நாள் ஊறவிட்டு, அதன் பிறகு கையால் மெதுவாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். பிஸ்டன் ரிங் ஒட்டியிருக்கும்போது செல்ஃப் அடித்தால் ரிங் உடையும், சிலிண்டரின் உள்சுவர் கீறும். பெட்ரோல் டேங்கைக் கழற்றிக் கழுவுங்கள். பிரேக் மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர் ரப்பர் எல்லாமே புதிதாகப் போட வேண்டியதுதான், அதில் மிச்சம் பிடிக்க இடமில்லை.

ஹெரால்டுக்கு மட்டும் உண்டான ஒரு விஷயம்: முன் சக்கரத்துக்குக் கீழே, ஸ்டியரிங் திருப்பும்போது சுழல்கிற பித்தளை டிரனியன் ஒன்று இருக்கிறது. அதற்குக் கெட்டியான 90 நம்பர் கியர் ஆயில்தான் விட வேண்டும். நிறைய பேர் மற்ற கார் மாதிரி நினைத்து கிரீஸ் கன்னை வைத்து கிரீஸ் அடித்துவிடுவார்கள். கிரீஸ் உள்ளே மரைக்குப் போய்ச் சேராது, தண்ணீர் தங்கும், துரு பிடிக்கும், ஒருநாள் டிரனியனுக்குள் திருகியிருக்கும், சக்கரத்தைத் தாங்கும் வெர்டிகல் லிங்க் முறிந்து சக்கரம் உள்ளே மடங்கிவிடும். உங்கள் மெக்கானிக் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் இதை ஒரு வார்த்தை நினைவூட்டுங்கள்.

ஹெரால்டு தனி சேசிஸ் மேல் பாடியை போல்ட் போட்டு மாட்டிய வண்டி, பானெட்டும் மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழும், எஞ்சினைச் சுற்றி உட்கார்ந்து வேலை பார்க்கலாம். 948 சி.சி. எஞ்சின், கையில் கொஞ்சம் திறமை இருக்கிற எந்த மெக்கானிக்கும் பார்த்துவிடுவார். துரு எங்கே என்று கேட்டால், சேசிஸின் பக்கவாட்டுக் கைகளையும் டிக்கி தரையையும் முதலில் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். சஸ்பென்ஷன் சாமான்கள் பல இங்கிலாந்தின் ட்ரையம்ப் ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் கார்களுக்கும் பொதுவானவை என்பதால் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. ஆனால் நாலு கதவு பாடி நம் சென்னை பெருங்களத்தூர் தொழிற்சாலைக்கே சொந்தமானது, இங்கிலாந்து ஹெரால்டில் இரண்டு கதவுதான். அதனால் கதவுத் தகடு எதையும் வெட்டி எறிய விடாதீர்கள், சரிபண்ணச் சொல்லுங்கள்.

கேள்வி: 50 வருடம் தாண்டிய காருக்கு விண்டேஜ் பதிவில் 'வி.ஏ.' நம்பர் வாங்கிவிட்டால் இனி தொல்லையே இல்லை என்கிறார் புரோக்கர். என்னிடம் 1968 அம்பாசிடர் இருக்கிறது, பதிவு நடப்பில்தான் உள்ளது. மாறலாமா?
வாசகர், மதுரை

பதில்: காரை எதற்குப் பயன்படுத்துகிறீர்கள் என்பதுதான் கேள்வி. ஞாயிற்றுக்கிழமை அழகர்கோவிலுக்குக் குடும்பத்தோடு போய் வருவீர்கள், பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விடுவீர்கள் என்றால் மாறாதீர்கள்.

2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்த்த விண்டேஜ் பிரிவு இது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு உண்டு. வண்டி பழைய வடிவத்திலேயே இருக்க வேண்டும், சேசிஸ், பாடி, எஞ்சின் எதையும் மாற்றி அமைத்திருக்கக் கூடாது. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், அதற்குப் பின் மறுபதிவு 5,000. மாநில எழுத்து, அடுத்து வி.ஏ., அப்புறம் இரண்டு எழுத்து, நான்கு இலக்கம் என்று எண் வரும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம் என்பது இந்த விதியில் எனக்கு ரொம்பப் பிடித்த அம்சம்.

ஆனால் புரோக்கர் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. விண்டேஜ் பதிவில் உள்ள வண்டியைக் கண்காட்சி, ராலி, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு இவற்றுக்காக மட்டும்தான் ரோட்டில் எடுக்கலாம். தினசரிப் புழக்கம் கிடையாது, கல்யாண வாடகைக்கு விடுவதும் கூடாது. சாதாரண முறையில் ஐந்து வருடத்துக்கு 10,000, அதாவது பத்து வருடத்துக்கு அதே 20,000-தான். காசு ஒன்றாக இருக்கும்போது சுதந்திரத்தை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? முதல் பத்து வருடத்துக்குப் பிறகுதான் விண்டேஜ் மலிவு.

அபூர்வமான கார், வருடத்துக்கு இரண்டு மூன்று ஷோவுக்கு மட்டும் வெளியே வரும் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பதிவு நல்ல வழி. உங்கள் அம்பாசிடர் ஓடட்டும், ஓடுகிற கார்தான் நன்றாக இருக்கும். பின்னாளில் மாறும் எண்ணம் வந்தால் கதவு அடைபடாமல் இருக்க, 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினை மட்டும் இறக்கிவிடாதீர்கள். டீசல் எஞ்சின் போடலாமா, இசுசு எஞ்சின் போடலாமா என்று யாராவது ஆசை காட்டுவார்கள்.

கேள்வி: அண்ணே, என்னிடம் 1964 மகிந்திரா வில்லிஸ் ஜீப் இருக்கு. பழைய பெட்ரோல் எஞ்சினை எடுத்துட்டு டி.ஐ. டீசல் எஞ்சின் போட்டிருக்கேன், பெரிய டயர், இரும்பு பம்பர், விஞ்ச், எல்.இ.டி. பார் எல்லாம் உண்டு. எல்லை தாண்டும்போது சோதனையில் நிறுத்தி அபராதம் போட்டுட்டாங்க. ஆஃப்ரோடு வண்டிக்குத் தனி விதி இல்லையா? மலையில் காட்டுப் பாதைகளில் ஓட்டலாமா?
வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: தம்பி, இந்தியச் சட்டத்தில் 'ஆஃப்ரோடு வண்டி' என்று ஜீப்புக்குத் தனிச் சலுகை எதுவும் கிடையாது. ரோட்டில் ஏறிவிட்டால் அது ஒரு மோட்டார் வாகனம், அவ்வளவுதான்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த அளவு விவரம் ஆர்.சி.யில் எப்படிப் பதிவாகியிருக்கிறதோ அதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரளத்திலிருந்து வந்த வழக்கில் இதையே உறுதி செய்தது. அதே வருடம் வந்த சட்டத் திருத்தம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று வைத்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் என்பதைக் கவனியுங்கள், உங்கள் பட்டியலைக் கூட்டிப் பாருங்கள். முன்னால் மாட்டும் இரும்பு பம்பருக்கு எதிராக மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. காரணமும் சரியானதுதான், மோதும்போது எதிரே வரும் நடைபயணியின் காலை அந்த இரும்பு சும்மா விடாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய தலைவலி எஞ்சின். ஆர்.சி.யில் பெட்ரோல், வண்டியில் டீசல். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் பார்ப்பது அதைத்தான், அடிபட்டவர் குடும்பத்துக்கு உங்கள் கைக்காசைக் கொடுக்கும் நிலைமை வரலாம். பழுதான எஞ்சினுக்குப் பதில் அதே வகை எஞ்சின் போடுவது வேறு விஷயம், அதைத் தெரிவித்து ஆர்.சி.யில் புது எண்ணை ஏற்றிக்கொள்ள வழி உண்டு.

நான் சொல்வது ஒன்றுதான், அந்தப் பழைய பெட்ரோல் எஞ்சின் இன்னும் பட்டறை மூலையில் கிடந்தால் அதை எடைக்குப் போட்டுவிடாமல் வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். இன்லெட் வால்வு மேலே ஹெட்டில், எக்ஸாஸ்ட் வால்வு கீழே பிளாக்கில் என்று அமைந்த 2.2 லிட்டர் ஹரிகேன் எஞ்சின் அது, உயரமான பானெட்டே அந்த எஞ்சினின் உயரத்துக்காக வந்ததுதான். போர் பண்ணி, கிராங்க் கிரைண்டிங் கொடுத்து, ஹெட் ஃபேஸிங் செய்து ஏற்றினால் உங்கள் ஜீப் மறுபடியும் ஆர்.சி.யில் எழுதியிருக்கும் ஜீப்பாக மாறிவிடும், 50 வருடமும் தாண்டிவிட்டதால் விண்டேஜ் பதிவுக்கும் தகுதி வரும். டீசலோடு இருக்கும்வரை அது கிடைக்காது. மைலேஜ் போகும் என்பது உண்மை. ஆனால் இந்த ஜீப் மைலேஜுக்காக வைத்துக்கொள்ளும் வண்டி இல்லை.

காட்டுப் பாதை பற்றி: கூடவே கூடாது. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் வண்டியை விடுவது 1882-ம் வருட தமிழ்நாடு வனச் சட்டப்படியே குற்றம், சரணாலயம் என்றால் 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். சட்டத்தை விடுங்கள், ஒரு மழைக்காலத்தில் நாலு ஜீப் ஏறி இறங்கிய சரிவில் டயர் தடம் ஓடையாக மாறி மேல்மண் மொத்தமும் அடித்துக்கொண்டு போவதை மலையோரம் இருக்கும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். யானை இறங்கி வரும் பாதையில் இரவில் எல்.இ.டி. பார் போட்டுக்கொண்டு போவதை எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாது. ஆஃப்ரோடு ஆசை இருந்தால் சொந்த நிலம், தெரிந்தவர் எஸ்டேட், அவர் எழுத்தில் கொடுத்த சம்மதத்தோடு. போட்டி என்றால் இந்திய மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ. அனுமதியோடு நடக்கும் போட்டியாகப் பார்த்துப் போங்கள். வண்டியைப் போட்டிக்காகவே மாற்றி வைத்திருந்தால் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போங்கள், ரோட்டில் ஓட்டாதீர்கள்.

கேள்வி: வணக்கம். அப்பா திருச்சியில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருந்தார். அந்த ஞாபகத்தில் இங்கே 1970 ட்ரையம்ப் ஹெரால்டு ஒன்றை வாங்கியிருக்கிறேன், ஓடாத வண்டி. வீட்டு முன்னால் ரோட்டோரம் நிறுத்தி மெதுவாக ரெஸ்டோர் செய்யலாமா? எம்.ஓ.டி. என்கிற வருடாந்திர வண்டிச் சோதனை, வரி எல்லாம் வேண்டுமா?
வாசகி, லண்டன்

பதில்: ரோட்டோரம் மட்டும் வேண்டாம் சகோதரி. வரியும் இன்ஷூரன்ஸும் இல்லாத வண்டிக்கு அங்கத்திய வாகனப் பதிவு அமைப்பான டி.வி.எல்.ஏ.விடம் 'சார்ன்' அறிவிப்பு கொடுக்க வேண்டும், அதாவது வண்டி ரோட்டில் இல்லை என்று நீங்களே பதிவு செய்வது. கட்டணம் கிடையாது, ஒரு தடவை கொடுத்தால் வரி கட்டும்வரை, விற்கும்வரை அப்படியே நீடிக்கும். ஆனால் கொடுத்தபின் வண்டி உங்கள் டிரைவ்வேயிலோ கராஜிலோ தனியார் இடத்திலோதான் நிற்க வேண்டும், பொது ரோட்டில் ஓட்டுவது மட்டுமல்ல, நிறுத்துவதும் தப்பு. முன்கூட்டியே பதிவு செய்த எம்.ஓ.டி. சோதனைக்கு ஓட்டிப்போக மட்டும் விலக்கு உண்டு. மீறி ஓட்டினால் கோர்ட், 2,500 பவுண்ட் வரை அபராதம்.

40 வருடம் தாண்டியதால் உங்கள் காருக்கு 'ஹிஸ்டாரிக்' வரிப் பிரிவு கிடைக்கும். வரி பூஜ்யம், ஆனால் அது தானாக வராது, வி5சி லாக்புக்கோடு, அதாவது நம் ஊர் ஆர்.சி. மாதிரியான பதிவுப் பத்திரத்தோடு, போய்க் கேட்டு மாற்ற வேண்டும், பூஜ்யமானாலும் வருடாவருடம் வரியைப் பதிய வேண்டும். புகை அதிகம் விடும் வண்டிகளுக்கான லண்டன் யூலெஸ் கட்டணமும் இந்தப் பிரிவுக்கு இல்லை. கடந்த 30 வருடத்தில் பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத வண்டி என்றால் எம்.ஓ.டி.யும் கட்டாயம் இல்லை. இருந்தாலும் வேலை முடிந்ததும் ஒரு தடவை எம்.ஓ.டி. எடுத்துவிடுங்கள். பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் இன்னொரு ஜோடிக் கண் பார்ப்பது நல்லது, காரைக்குடி வாசகருக்குச் சொன்ன டிரனியன் விஷயம் உங்கள் காருக்கும் அப்படியே பொருந்தும்.

2025 ஆகஸ்ட் 26 முதல் ஒரு நல்ல மாற்றமும் வந்திருக்கிறது. இருந்த மாதிரியே சாமான் மாற்றிச் சரிசெய்கிற வேலைகளை, காரின் தோற்றம் மாறாமல், லாக்புக் விவரமும் மாறாமல் இருந்தால், டி.வி.எல்.ஏ.வுக்குத் தனியாகத் தெரிவிக்க வேண்டியதில்லை. ரெஸ்டோர் செய்கிறவர்களை நம்பி எழுதிய விதி அது. படித்தபோது நம் ஊருக்கும் இப்படி ஒன்று வராதா என்று ஏக்கமாகவே இருந்தது.

கேள்வி: 1966 ஃபியட் 1100 ஒன்று விலைக்கு வருகிறது. கர்நாடகப் பதிவு. ஆர்.சி.யில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி பெயர் இருக்கிறது, 'அதெல்லாம் எப்பவோ முடிஞ்ச கடன்' என்கிறார் விற்பவர். அட்வான்ஸ் கொடுக்கலாமா?
வாசகி, கோவை

பதில்: ஃபைனான்ஸ் பெயர் நீங்கும்வரை ஒரு ரூபாய்கூட கொடுக்காதீர்கள். கடன் முடிந்திருக்கலாம், ஆனால் கடன் பெயரை நீக்கும் படிவம் 35-லும் தடையில்லாச் சான்றிலும் கையெழுத்துப் போட அந்தக் கம்பெனி இன்று இருக்க வேண்டுமே! பல சிறிய ஃபைனான்ஸ் கம்பெனிகள் மூடியே போய்விட்டன, அப்படிப்பட்ட ஹெச்.பி.யை, அதாவது ஆர்.சி.யில் உள்ள கடன் குறிப்பை, நீக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அந்த அலைச்சல் விற்பவருடையது, உங்களுடையது அல்ல. அதோடு கர்நாடக அலுவலகத்திலிருந்து வண்டியை வேறு மாநிலத்துக்கு மாற்ற படிவம் 28-ல் என்.ஓ.சி.யும் (ஆட்சேபமில்லாச் சான்று) அவரே வாங்கித் தரட்டும். வேறு மாநில வண்டி இங்கே 12 மாதத்துக்கு மேல் இருந்தால் தமிழ்நாட்டு எண் வாங்கியாக வேண்டும், வரியும் உண்டு.

பேப்பர் சரி என்றால் அடுத்து எண்ணைப் பாருங்கள். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் சேசிஸ் எண் இருக்கும் இடத்தை எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்து, மேலே வெள்ளைத்தாளை வைத்து பென்சிலைச் சாய்த்துத் தேயுங்கள். எழுத்துகள் ஒரே உயரத்தில், ஒரே ஆழத்தில், பின்னணி சீராக வர வேண்டும். ஒரு இலக்கம் மட்டும் ஆழமாக விழுந்தாலோ, எண்ணைச் சுற்றி கிரைண்டர் ஓடிய கோடு தெரிந்தாலோ, வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். வாங்கிய பிறகும் இந்த எச்சரிக்கை வேண்டும், துரு எடுக்க சாண்ட் பிளாஸ்டிங் கொடுக்கும்போது எண் இருக்கும் இடத்தைக் கெட்டியாக மூடச் சொல்லுங்கள், எண் அழிந்த சேசிஸை வைத்துக்கொண்டு எந்த ஆபீஸிலும் பதில் சொல்ல முடியாது.

நீங்கள் கோவையில் இருப்பதால் இன்னொன்று. அவிநாசி ரோட்டில் ஜி.டி. கார் மியூசியம் இருக்கிறது, போய் ஒரு அரை நாள் இருங்கள். பழைய கார்களில் கிரில், மோல்டிங், டாஷ்போர்டு எல்லாம் எப்படி இருந்தன என்று கண்ணுக்குப் பழகிவிட்டால் ஒட்டுப் போட்ட வண்டி தானாகவே தெரிந்துவிடும்.

கேள்வி: எனது 1978 அம்பாசிடர் சமீபமாக ஐடிலிங்கில் நடுங்குகிறது, பெட்ரோல் வாசமும் அடிக்கிறது. எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணமா?
வாசகர், சேலம்

பதில்: வாசம் அடிக்கிறது என்றால் முதலில் வண்டியை எடுக்காதீர்கள், ஹோஸைப் பாருங்கள். இன்று பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பருக்கு எத்தனால் ஆகாது, ஹோஸ் ஊதி மெத்தென்று ஆகும் அல்லது விரிசல் விடும், பம்ப் டயாஃப்ரமும் கெட்டுப்போகும். எத்தனால் தாங்கும் ஹோஸ், டயாஃப்ரம், வாஷர் என்று கேட்டு வாங்கி மொத்தமாக மாற்றிவிடுங்கள், செலவு பெரிதாக வராது, தீ அபாயத்துக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. எத்தனால் டேங்கில் பல வருடம் படிந்த அழுக்கையும் கரைத்து இழுத்து வரும், அதனால் முதல் சில டேங்குக்கு ஃபில்டரை அடிக்கடி பாருங்கள்.

நடுக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் கலவை லீன் ஆவது, அதாவது காற்றுக்கு ஏற்ற எரிபொருள் குறைவது. எஸ்.யு. கார்புரேட்டராக இருந்தால் அடியில் உள்ள ஜெட் நட்டை அதன் ஆறு பக்கங்களில் ஒரு பக்க அளவு, தேவைப்பட்டால் இரண்டு பக்க அளவு திருகிக் கீழே இறக்கிப் பாருங்கள். அதிகம் இறக்கினால் புகைச் சோதனையில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்தைத் தாண்டிவிடும், மீட்டர் வைத்தே செட் பண்ணச் சொல்லுங்கள். வண்டி மாதக்கணக்கில் நிற்கப் போகிறதென்றால் பெட்ரோலை வடித்துவிடுங்கள், எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து டேங்க் அடியில் தண்ணீராகச் சேர்க்கும். ஹெட் இறக்கும் வேலை எப்போதாவது வந்தால் எக்ஸாஸ்ட் வால்வுக்குக் கடினமான சீட் போட்டுவிடுங்கள், 2000-த்தோடு ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுவிட்டது, பழைய சீட் அந்த ஈயத்தை நம்பித்தான் செய்யப்பட்டது.

கேள்வி: பிரீமியர் பத்மினியை எலெக்ட்ரிக்காக மாற்றலாமா?
வாசகர், புதுச்சேரி

பதில்: எலெக்ட்ரிக் மாற்றத்துக்கான ஏ.ஐ.எஸ். 123 தரத்தில் அங்கீகாரம் பெற்ற கிட், அதைப் பொருத்த அங்கீகாரம் உள்ள நிறுவனம், ஆர்.சி.யில் எரிபொருள் மாற்றம் என்று மூன்றும் இருந்தால் சட்டப்படி செய்யலாம். யாரோ ஒருவர் பட்டறையில் செய்து கொடுக்கும் பேட்டரி வேலை இதில் சேராது. என் விருப்பத்தைக் கேட்டால் வேண்டாம் என்பேன், அந்த 1089 சி.சி. எஞ்சினின் சத்தம் போய்விட்டால் பத்மினியில் மிச்சம் இருப்பது தகடுதான்.

கேள்வி: ரெஸ்டோர் செய்து முடித்த கார் என்று விற்பனைக்கு வருகிறது, பெயிண்ட் கண்ணாடி மாதிரி இருக்கிறது. உள்ளே துரு இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். கதவின் அடிப்பகுதி, மட்கார்டு வளைவு, படிக்குக் கீழே, டிக்கி ஓரம் இந்த இடங்களில் வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் நழுவினால் அங்கே தகடு இல்லை, பட்டிதான். அங்கங்கே லேசாகப் பட்டி பார்ப்பது எல்லா டிங்கரிங்கிலும் உண்டு, அதற்காகப் பயப்பட வேண்டாம். ஆனால் உள்ளங்கை அகலத்துக்குக் காந்தம் ஒட்டவில்லை என்றால் துருவை வெட்டாமல் மேலே பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம், இரண்டு மழைக்காலத்தில் கொப்புளம் வரும். அப்புறம், வேலை நடந்தபோது எடுத்த போட்டோக்களைக் கேளுங்கள். ஒழுங்காக ரெஸ்டோர் செய்தவர் பழைய பெயிண்ட் உரித்த தகடு, வெட்டி வெல்டு வைத்த இடம், ரெட் ஆக்சைடு அடித்த சேசிஸ் என்று நூறு போட்டோவாவது வைத்திருப்பார், கேட்டதும் சந்தோஷமாகக் காட்டுவார். பெயிண்ட் அடித்த பிறகு எடுத்த போட்டோ மட்டும்தான் இருக்கிறது என்றால் விலையைப் பாதியாக்கிப் பேசுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.